பக்கத்து மேசைக்காரருக்குப் பயந்து

1943 ஜூலை மாதக் கடைசி. போர்க்கால லண்டன். ரசல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலுக்கு மனைவி, மகளோடு வந்து இறங்குகிறார் லியரி கான்ஸ்டன்டைன். 1928-இல் மேற்கிந்தியத் தீவுகள் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறக்கிய அணியில் இருந்தவர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தில் நல அதிகாரியாக வேலை பார்த்துவந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டம். அதற்காக நான்கு இரவுகளுக்கு அறை சொல்லி, முன்பணமும் கட்டியிருந்தார். தன் நிறத்தால் சிக்கல் வருமா என்று முன்கூட்டியே கேட்டபோது, வராது என்றுதான் பதில் கிடைத்திருந்தது.

வந்து சேர்ந்த பிறகு பேச்சு மாறியது. ஒரே ஒரு இரவு தங்கலாம், மறுநாள் காலி செய்யவேண்டும் என்றார்கள். பெட்டிகளை வெளியே வைத்துவிடுவோம் என்ற மிரட்டலும், வாய் கூசும் வசவும் வந்தன. காரணம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: ஹோட்டலில் அமெரிக்கர்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடிக்காது.

வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். "எனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள் என்ன சொல்வார்களோ." ஒரு தனியார் கடைக்கு, ஹோட்டலுக்கு, திரையரங்குக்கு யாரை வேண்டுமானாலும் வேண்டாமென்று சொல்லும் உரிமை உண்டா என்ற கேள்வியை இந்தப் பதிலில் இருந்து தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும். வழக்கமாக இதை உரிமையாளரின் சுதந்திரத்துக்கும் வாடிக்கையாளரின் சமத்துவத்துக்கும் நடக்கும் மோதலாகச் சொல்வார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளை அதில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கடையை நடத்துவது பல நேரம் அந்த மூன்றாவது ஆள்தான்.

கான்ஸ்டன்டைன் வழக்குப் போட்டார். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஏதும் அன்று பிரிட்டனில் இல்லை. அவர் பற்றிக்கொண்டது அதைவிடப் பழைய ஒன்றை. இடம் காலியாக இருந்து, வந்தவர் காசு கொடுக்கக்கூடியவராகவும் நிதானத்தோடும் இருந்தால், வழிப்போக்கரை ஏற்றுக்கொள்ள விடுதிக்காரர் கடமைப்பட்டவர் என்பது இங்கிலாந்தின் நெடுங்கால வழக்குச் சட்டம். இரவு நேரத்தில், வழிப்பறி பயம் உள்ள சாலையில், கதவு அடைக்கப்பட்டால் பயணி எங்கே போவார் என்பது அதன் நியாயம். 1944-இல் நீதிபதி பர்கெட் அந்தக் கடமையை ஹோட்டல் மீறிவிட்டது என்று தீர்ப்பளித்து ஐந்து கினி இழப்பீடு கொடுக்கச் சொன்னார். தொகை அற்பம். ஆனால் அமெரிக்கர்களைக் காட்டிச் சொன்ன சாக்கு நிற்கவில்லை.

நம் ஊரில் சத்திரங்கள் இருந்தன, வழிப்போக்கருக்குச் சோறு போட்டன; அவற்றில் பல, சாதி பார்த்துத்தான் போட்டன. அன்னமிடுவது அறம் என்று பாடிய சமூகம், யாருக்கு எந்தத் தாழ்வாரத்தில் என்பதை அறத்துக்கு வெளியே வைத்துவிட்டது. ஆகவே இங்கே மாற்றம் பழைய வழக்கத்திலிருந்து வரவில்லை. அரசாணையும் போராட்டமும்தான் கொண்டுவந்தன.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் தினமும் பொருள் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த காலத்தில், தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். பஸ் என் சொத்து, யாரை ஏற்றுவது என்பது என் விருப்பம் என்பது அவர்கள் வாதம். சவுந்தரபாண்டியன் அந்த வாதத்தோடு மல்லுக்கட்டவில்லை. ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். பஸ் உங்களுடையதாக இருக்கலாம், ரோடு ஊருடையது. இந்திய அரசியல் சட்டம் எழுதப்படுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஜில்லா போர்டு அலுவலகத்தில் எடுக்கப்பட்ட இந்த முடிவு, பின்னால் உலகப் புகழ்பெற்ற பல தீர்ப்புகளைவிடத் தெளிவானது.

தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்குத் தனி இடம் ஒதுக்கும் ஏற்பாடு 1941-இல் எடுக்கப்பட்டது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957-இல் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டு, அடுத்த ஆண்டு அந்தச் சொல் நீங்கிய பிறகே முடிந்தது. அதற்குள் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல சட்டப்படி வழியில்லாமல் போயிருந்தது. சண்டை, பலகை வாசலிலேயே சொல்லிவைக்கும் சேதியைப் பற்றியது.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது இங்கே முக்கியம். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்று 15(2) என்று வழங்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றில் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். 'கடை' என்றால் எதுவரை என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். சலவைக் கடை சேருமா, முடிதிருத்தும் நிலையம் சேருமா, வைத்தியர், வக்கீல் சேருவார்களா? அம்பேத்கரின் பதிலில் தயக்கமே இல்லை. நாடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயார் என்று ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடம் எதுவும் கடைதான் என்றார். உள்ளே நுழைய விடுவதோடு கடமை தீர்ந்துவிடாது, நிபந்தனைக்கு உடன்பட்டவருக்குச் சேவையையும் கொடுத்தாக வேண்டும் என்றும் விளக்கினார். அந்த விளக்கம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சபைக் குறிப்பில் கிடந்து, 2011-இல் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கு ஒன்றில் எடுத்துப் பேசியபோதுதான் உயிர்பெற்றது. தனியார் கல்வி நிறுவனமும் அந்தப் பொருளில் 'கடை'தான், 15(2) அதையும் கட்டுப்படுத்தும் என்று நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் சொன்னார்கள்.

1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஆறாவது பிரிவை எழுதியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பொருளை விற்க மறுப்பது மட்டும் அங்கே குற்றமில்லை. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் கொடுக்க மறுப்பதும் குற்றம். நான்காவது பிரிவு பாத்திரங்களையும் சேர்த்துக்கொள்கிறது. கிராமத்து டீக்கடையில் யாரும் "உனக்கு டீ கிடையாது" என்று சொல்வதில்லை. காசை வாங்கிக்கொள்வார்கள், டீயும் வரும். பெஞ்சில் இருப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ். தள்ளி நிற்பவருக்குக் கூரையில் செருகி வைத்திருக்கும் அலுமினியக் குவளை, ஒரு காலத்தில் கொட்டாங்குச்சி. குடித்த பிறகு பெஞ்சுக்காரர் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போவார். மற்றவர் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். சில கடைகளில் இப்போது காகிதக் கப் வந்துவிட்டது. சுத்தத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கப் எந்தத் தெருக்காரருக்கு மட்டும் எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இரட்டைக் குவளை புதுச் சட்டை போட்டிருப்பது தெரியும்.

அமெரிக்காவிலும் மறுப்பு முழு மறுப்பாக இருக்கவில்லை. 1960 பிப்ரவரி 1, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரம். உல்வொர்த் பல்பொருள் கடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். கடை மகிழ்ச்சியாகக் காசை வாங்கிக்கொண்டது. அதே கடையின் இன்னொரு பக்கம் இருந்த உணவு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்டபோது இல்லை என்றார்கள். உள்ளூர் வழக்கப்படி நடப்போம் என்பதே நிறுவனத்தின் கொள்கை. மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் பல நகரங்களுக்குப் பரவியது. வியாபாரம் படுத்தது. ஜூலை 25 அன்று கடை பணிந்தது. அன்று அந்த மேடையில் முதன்முதலில் பரிமாறப்பட்ட கறுப்பினத்தவர்கள் யார் தெரியுமா? அதே கடையின் ஊழியர்கள். உணவு மேடையின் உள்பக்கம் வேலை செய்தவர்கள், வெளிப்பக்கம் வந்து உட்கார ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 ஜூலை 2-இல் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. உணவகம், விடுதி, திரையரங்கு எதுவும் நிறம், இனம், மதம், பூர்வீக நாடு பார்த்து மறுக்கக்கூடாது. உடனே இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின. ஒன்று அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலுடையது. அதன் உரிமையாளர் தானே வழக்கறிஞர், தானே வாதாடினார். விருப்பமில்லாதவருக்குச் சேவை செய்யக் கட்டாயப்படுத்துவது தன்னை அடிமையாக்குவது என்றார். அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தையே தனக்கு ஆதாரமாகக் காட்டினார். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அறை கொடுக்காமல் இருக்க அந்தத் திருத்தமா என்று கேட்கத் தோன்றும். நீதிமன்றம் ஏற்கவில்லை.

மற்றது அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ஆலிஸ் பார்பெக்யூ என்ற குடும்ப உணவகம். 220 பேர் உட்காரலாம். கறுப்பினத்தவர் பார்சல் வாங்கிப் போகலாம், உட்காரக்கூடாது. ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். சட்டத்தை ஏற்றுக் கதவைத் திறந்தால் இருக்கும் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள், வியாபாரம் கெடும் என்பதுதான் அங்கே வாதம். பக்கத்து மேசைக்காரர் மறுபடியும் வந்துவிட்டார். 1964 டிசம்பர் 14-இல் இரண்டு வழக்குகளும் தோற்றன. சில நாள்களில் அந்த உணவகத்தில் கறுப்பின வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. அட்லாண்டாவில் லெஸ்டர் மேடாக்ஸ் மட்டும் கடைசிவரை மறுத்துத் தன் உணவகத்தை விட்டார். 1967-இல் ஜார்ஜியாவின் ஆளுநராகவும் ஆனார்.

சட்டம் வேண்டாம், சந்தையே சரிசெய்துவிடும் என்று அன்று சொன்னவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் அதற்கு முந்தைய குடிமை உரிமைகள் சட்டங்களை ஆதரித்தவர். 1964 சட்டத்தைத் தனியார் வியாபாரத்தில் அரசு தலையிடுவதாகச் சொல்லி எதிர்த்தார். ஒருவர் விரட்டும் வாடிக்கையாளரை அடுத்தவர் அழைத்துக்கொள்வார், காசுக்கு நிறமில்லை என்ற நம்பிக்கைக்கு ஒரு மரியாதையான பதில் சொல்லவேண்டும். பதில் இதுதான்: எல்லாக் கடைக்காரரும் ஒரே பக்கத்து மேசைக்காரருக்குப் பயந்தால், போட்டி வேலை செய்யாது. முதலில் கதவைத் திறப்பவர் தனியாக அடிவாங்குவார். எல்லாரும் ஒரே நாளில் திறக்கவேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, முறைத்துக்கொண்டு எழுந்துபோகிறவருக்குப் போக வேறு கடை இல்லை. கடைக்காரரின் சுதந்திரத்தைச் சட்டம் பறித்தது என்பதைவிட, அவர் கழுத்தில் இருந்த ஊரார் பிடியை அது தளர்த்தியது என்பதே சரி.

இதை நம்பாதவர்கள் பாஞ்சாகுளத்தைப் பார்க்கலாம். 2022 செப்டம்பர், தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். பட்டியலினப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் தின்பண்டம் கேட்கிறார்கள். ஊரில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனிமேல் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைக்கிறார் கடைக்காரர். கைபேசிப் படமாகப் பரவிய அந்தக் காட்சியில், என்ன கட்டுப்பாடு என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கிறது. காவல்துறை கைதுசெய்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. கிரீன்ஸ்பரோவில் நிறுவனம் சொன்ன 'உள்ளூர் வழக்கம்' இங்கே 'ஊர்க் கட்டுப்பாடு'. பாஞ்சாகுளத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த தெருவில் போட்டிக் கடை தேடச் சொல்லும் பொருளாதாரம் எந்த ஊருக்கானது?

நகரத்திலும் கதை வேறில்லை. 2023 மார்ச்சில் சென்னை கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் கையில் டிக்கெட்டோடு நின்ற நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. படத்தின் தணிக்கைச் சான்றிதழும் குழந்தைகளின் வயதும் காரணமாகச் சொல்லப்பட்டன, சுற்றியிருந்தவர்கள் எதிர்த்த பிறகு விட்டார்கள், வழக்கும் பதிவானது. அந்த முறை பக்கத்து இருக்கைக்காரர்கள்தான் குடும்பத்துக்காகப் பேசினார்கள். இதையும் சொல்லவேண்டும்.

அப்படியானால் கடைக்காரர் யாரையுமே மறுக்கக்கூடாதா? மறுக்கலாம். குடித்துவிட்டு ரகளை செய்பவரை வெளியே அனுப்பலாம். பழைய பாக்கி வைத்திருப்பவருக்குக் கடன் இல்லை என்று சொல்லலாம். சைவ ஹோட்டலில் போய்ச் சுக்கா வறுவல் கேட்க முடியாது. வந்தவர் என்ன செய்கிறார், என்ன கேட்கிறார் என்பதை வைத்து மறுப்பது வியாபாரம். வந்தவர் யார் என்பதை வைத்து மறுப்பதுதான் சட்டம் தடுக்கும் விஷயம். இந்தக் கோடு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. கஷ்டம் ஓரிடத்தில் வருகிறது: கேட்கப்படும் பொருளே ஒரு கருத்தாக இருக்கும்போது.

2014-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆஷர்ஸ் என்ற பேக்கரியில் ஒருவர் 36 பவுண்டு 50 பென்ஸுக்கு ஒரு கேக் சொன்னார். ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கும்படி அதன்மேல் எழுதவேண்டும். பக்திமான்களான உரிமையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே வாசகத்தை வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள், மறுக்கப்பட்டது வாசகம்தான், ஆளில்லை என்றது நீதிமன்றம். அது நியாயமான தீர்ப்பு. நம் ஊர் பிளெக்ஸ் பேனர் கடையை நினைத்தால் விளங்கும். சாதிப் பெருமை பேசி அடுத்த சாதியைச் சீண்டும் வாசகத்தை அச்சடிக்கமாட்டேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அவரைப் பாராட்டவேண்டும். எல்லாருக்கும் அடிக்கும் "மணமக்களை வாழ்த்தும்" பேனரை, மணமகன் தெருவைக் கேட்டுவிட்டு மறுத்தால் அது குற்றம்.

அமெரிக்காவில் இந்தக் கோடு இப்போது கலங்கிவருகிறது. கொலராடோவில் ஜாக் பிலிப்ஸ் என்ற கேக் கலைஞர் 2012-இல், கேக்கின் வடிவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே, இரண்டு ஆண்களின் திருமண விருந்துக்குச் செய்யமாட்டேன் என்றார். 2018-இல் அவர் ஜெயித்தாலும், மாநில ஆணையம் அவர் மதத்தை மதிக்காமல் நடந்தது என்ற காரணத்தில் ஜெயித்தார். மூலக் கேள்வி அப்படியே நின்றது. 2023-இல் ஓர் இணையதள வடிவமைப்பாளர் வழக்கில், படைப்புத் தொழில் செய்பவரை அவர் நம்பாத கருத்தை உருவாக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. படைப்பு எங்கே முடிகிறது? சமையற்காரரும் முடிதிருத்துபவரும் தம் தொழிலைக் கலை என்றுதான் சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். கலை என்ற கதவு வழியாகப் பழைய மறுப்புகள் திரும்பி வர இடமிருக்கிறது.

சட்டம் எவ்வளவு வேகமாக வரும் என்பதும் யாருடைய மானம் புண்பட்டது என்பதைப் பொறுத்தது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டி வந்ததற்காக வாசலில் நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே வேட்டியைத் தடுக்கும் கிளப்பின் உரிமத்தை ரத்து செய்ய வழிவகுக்கும் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது. நல்ல சட்டம்தான். அந்த ஒரு மாத வேகம் மற்றவர்களுக்கும் கிடைக்கவேண்டும்.

பட்டியலின, பழங்குடி மக்களைப் பொறுத்தவரை சட்டத்தில் பல் இருக்கிறது. 1955 சட்டத்தின் ஆறாவது பிரிவில் அபராதம் இன்னும் 100-லிருந்து 500 ரூபாய்க்குள் கிடந்தாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் பொதுவில் வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கியது. திருநர்களுக்குப் பொருளோ சேவையோ மறுப்பதை 2019 சட்டம் தடைசெய்கிறது. மதம் காரணமாக ஒருவருக்கு ஹோட்டல் அறை மறுக்கப்பட்டால்? 15(2) அவர் பக்கம் நிற்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் புகார் எழுதித் தர அதற்கென்று தண்டனைச் சட்டம் இல்லை; உயர் நீதிமன்றம்வரை போய் ரிட் போடவேண்டும். ஓரிரவு அறைக்காக யார் போவார்?

வீட்டு வாடகையில் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் வீடு தேடும் முஸ்லிம் குடும்பம் முன்பணம் பேசி முடித்த பிறகு பெயரைச் சொன்னதும், வீட்டை உறவினருக்குக் கொடுத்துவிட்டோம் என்ற பதிலைக் கேட்கிறது. "சைவம் மட்டும்" என்ற விளம்பரம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்பது போடுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். தரகர் சொல்வது என்ன? "ஓனர் நல்லவர்தான் சார், மேல் போர்ஷன்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." 2005-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாதில் பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் உரிமை தரும் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியைச் செல்லும் என்றது. எண்ணிக்கையில் சுருங்கிவரும் ஒரு சிறு சமூகம் சேர்ந்து வாழ நினைப்பதில் புரிந்துகொள்ளக்கூடிய ஆசை உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழலில் பெரிய சமூகங்களும் வேலி போட்டுக்கொள்ள முடிகிறது.

கடை, விடுதி, வாடகை வீடு எல்லாவற்றிலும், எல்லாக் காரணங்களுக்கும் பொதுவாக ஒரே பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேண்டும் என்று சசி தரூர் 2016-ஆம் ஆண்டு மசோதா ஒன்றை எழுதி, தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார். விவாதத்துக்கு வராமலே அந்த மக்களவையோடு காலாவதியானது. பஸ் உரிமத்தை வைத்துச் சவுந்தரபாண்டியன் செய்ததை இன்று உணவக உரிமம், விடுதி உரிமம், சொத்துவரிப் பதிவேடு எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் உள்ளாட்சிகளும் மாநில அரசும் செய்யலாம். அதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. வேட்டிக்கு ஒரு மாதத்தில் சட்டம் போட்ட பேரவை சென்னையில்தான் இருக்கிறது.